மலையிலிருந்து திரும்பி வந்த பை

ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்களுக்கு அந்த வாயில் நினைவிருக்கும். வனஜீவராசிகள் திணைக்களத்தார் பைகளைத் திறக்கச் சொல்வார்கள். பொலித்தீன் கண்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நிந்தவூரிலிருந்து இரவே வேனில் புறப்பட்டு, பதுளை வழியாக மலையேறி, விடியற்குளிரில் வரிசையில் நின்ற எங்களுக்கு அது கெடுபிடியாகத்தான் பட்டது. "ஒரு பிஸ்கட் பேக்கட்டுக்குமா இவ்வளவு?" என்றா மாமி.

உள்ளே நடக்க நடக்கத்தான் அந்தக் கண்டிப்பின் நியாயம் விளங்கியது. 2,100 மீற்றருக்கு மேலே, ஜனவரி, பெப்ரவரியில் புல்நுனியில் உறைபனி படிகிற நிலம் அது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்துதான் நீர். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிய மத்திய மலைநாட்டில் அதுவும் அடக்கம். குளிர் மண்ணில் எதுவும் சீக்கிரம் உக்குவதில்லை. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் தீனிக்காக ஆட்களை அண்டி நிற்கின்றன. வெள்ளையர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த, மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதரைப் பிடுங்கிப் பிடுங்கியும் இன்னும் ஒழிக்க முடியவில்லை.

அந்தாட்டிக்காவில் இறங்கும் பயணிகளுக்கு இதைவிடக் கடுமை. 1959 ஒப்பந்தமும், 1991இல் மட்ரிட்டில் கையெழுத்தான சுற்றாடல் உடன்பாடும் அங்கே உண்டு. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்க முடியாது. இறங்குமுன் சப்பாத்தைக் கழுவி, உடுப்பு மடிப்பில் ஒட்டிய விதைகளையும் துப்புரவாக்க வேண்டும். பென்குயினுக்கு 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. கொண்டுபோன குப்பை கப்பலிலேயே திரும்ப வேண்டும்.

நாங்களும் எங்கள் குப்பையை ஒரு பையில் கட்டி ஊருக்கே கொண்டுவந்தோம். பிள்ளைகளுக்கு அதில் பெருமை. மறுநாள் காலை குப்பை ட்ரக்டர் வந்தது, பை போனது.

எங்கே போனது என்ற கேள்வி மனதில் கிடந்தது. ஒலுவில் பக்கம் வயல் செய்யும் மச்சான் ஒரு பின்னேரம் என்னைப் பள்ளக்காட்டுக்குக் கூட்டிப்போனார். நம் கரையோர ஊர்களின் குப்பை போய்ச் சேரும் இடம் அது. மேட்டின்மேல் யானைகள். காலால் சொப்பிங் பேக்கை அழுத்திப் பிடித்து, தும்பிக்கையால் கிழித்து, உள்ளிருந்த சோற்றைப் பையோடு சேர்த்தே வாயில் போட்டது ஒன்று. கீழே கிடந்த லத்தியில் பொலித்தீன் துண்டுகள் அப்படியே தெரிந்தன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவுப் பொதிகளின் உறைகளும்தான்.

யானைக்குப் பிளாஸ்டிக்கில் ஆசை இல்லை. அதை இழுப்பது ஒட்டியிருக்கும் சோறும் உப்பும்தான். மீன் கழுவிய கழிவையும் சோற்றையும் பொலித்தீனுக்குள் முடிந்து அனுப்புகிறவர்கள் நாங்கள். மலையில் லேபல் உரிக்கக் கை நீட்டிய நாங்கள், வீட்டு வாசலில் அதைச் செய்யாமல் இருந்தால் அந்தப் பயணத்துக்கு என்ன அர்த்தம்? சுற்றுலா என்று டிக்கட் எடுத்துப் போகிற இடத்தை மட்டும் காப்பாற்றுவது போதாது என்றுதான் நான் நினைக்கிறேன். பள்ளக்காட்டு யானைகள் நம் ஊர்க்காரர்.

இப்போது எங்கள் ட்ரிப்புகளுக்குச் சோறு வாழையிலையிலும் சாப்பாட்டுப் பெட்டியிலும்தான். உம்மா அதில் விட்டுக்கொடுப்பதில்லை. சமையல் கழிவு வளவுத் தென்னையடிக் குழிக்குப் போகிறது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துத் தனியாகக் கொடுக்கிறோம். ட்ரக்டரில் வரும் தம்பிமாரிடம் கேட்டேன். "பிரிச்சுத் தந்தாலும் அங்க எல்லாம் ஒண்டாத்தான் கொட்டுற, நானா" என்றார்கள். அதனால் சோற்றுக் கழிவே ஒழுங்கையை விட்டு வெளியேறாதபடி அயல் வீட்டாரோடு பேசிவருகிறேன். சிலர் குழி வெட்டிவிட்டார்கள், சிலருக்கு வளவு போதாது. ஹஜ்ஜுப் பெருநாளில் எலும்பும் இறைச்சிக் கழிவும் மலைபோல் சேரும். அதற்கு எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய குழி ஒன்று வெட்ட, கடைசி வளவுக்காரர் இடம் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.