பால் கட்டு

தலைப்பிரசவத்திற்கு வந்திருந்த என் மகளுக்கு இருபதாம் நாள் இரவு குளிர் நடுக்கம் கண்டது. மார்பின் ஒரு புறம் கல்லாய் இறுகிச் சிவந்திருந்தது. காய்ச்சல் 102 டிகிரி. "பால் கட்டிக்கொண்டது, கெட்ட பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காதே" என்றார்கள் பக்கத்து வீட்டு மாமி. நானும் நம்பினேன். வெந்நீர் ஒற்றடமிட்டு, அவள் அழ அழப் பிசைந்தும் விட்டேன். இதற்காக மருத்துவமனைக்குச் செல்வதா என்ற நாணத்தில் இரண்டு நாட்கள் கழிந்தன.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் கூறும் இரண்டாண்டுப் பாலூட்டலை மாணவியருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அக்காலத்தில் தாயின் உடல் படும் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"பால் கொடுப்பதை ஏனம்மா நிறுத்தினீர்கள்?" என்றுதான் பெண் மருத்துவர் முதலில் கேட்டார். பால் தேங்குவதால் வீக்கம் வருகிறது. காம்பு வெடிப்பின் வழியே கிருமியும் புகலாம். அந்தப் பால் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. திடீரென நிறுத்தினால்தான் சீழ்க்கட்டியாகும் அபாயம் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே இதை வலியுறுத்தியுள்ளது. பிசைவது திசுவைப் புண்படுத்தும். குளிர்ந்த ஒற்றடமே வீக்கத்தைத் தணிக்கும் என்றார்.

ஸ்கேனில் சீழ் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இருந்திருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்க நேர்ந்திருக்கும். பாலூட்டும்போது உட்கொள்ளத்தக்க ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பத்து நாட்களுக்குத் தந்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. "இனி மாத்திரை எதற்கும்மா?" என்றாள் மகள். பத்து நாளும் நானே எண்ணிக் கொடுத்தேன்.