நரசாபுரத்துக்குப் போன பை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கிறது. வீடு பெருக்க வரும் அம்மா அதைத் துடைப்பத்தால் வெளியே ஒரு தள்ளு தள்ளி, பெருக்கி முடித்ததும் உள்ளே ஒரு தள்ளு தள்ளுவாள். பதினோரு வருஷமாக இந்தத் தள்ளுமுள்ளு தினசரி நடக்கிறது. பைக்குள் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெட்கம்தான்!

உள்ளே இருப்பது ஒரு குரோஷா படுக்கை விரிப்பு. இல்லை, விரிப்பாக ஆகவேண்டியது. 2014 மே மாதம், பெண் ஐந்தாவது முடித்த லீவில், 'இவள் ஹாஸ்டலுக்குப் போகும்போது என் கையால் ஒரு விரிப்பு போட்டுக் கொடுத்து அனுப்பணும்' என்று ஆரம்பித்தேன். ஆறு அங்குலச் சதுரங்கள். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினைந்து, ஆக நூற்றைம்பது. ஒரு சதுரத்துக்கு ஐம்பது நிமிஷம். கணக்கு என்னவோ சுலபமாகத்தான் இருந்தது.

முதல் மாதத்திலேயே முப்பத்தொன்று முடிந்துவிட்டது. அப்புறம் ஸ்கூல் திறந்தது. திறந்தது திறந்ததுதான்! 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலோடு பையும் மிதந்து, ஏழெட்டுச் சதுரங்களில் பழுப்புக் கறை ஏறிக்கொண்டது. 2017-ல் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் நான் உட்கார்ந்த பதினெட்டு நாளில் இருபத்திரண்டு சதுரங்கள். 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்களே, எத்தனை போட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மூன்று! ஐந்து பேருக்கு மூன்று வேளை சமையல், நடுவில் 'மொறுமொறுன்னு ஏதாவது' வேறு. மிச்சமெல்லாம் கரண்ட் கட்டிலும், ரேஷன் க்யூவிலும், டான்ஸ் கிளாஸ் வாசலிலும் போட்டவை.

மொத்தம் தொண்ணூற்றேழு. பெண்ணோ காலேஜை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, ஜூலையில் புனேவுக்கு வேலைக்குப் போகிறாள். லேடீஸ் ஹாஸ்டல். இன்னும் ஐம்பத்து மூன்று சதுரங்கள் பாக்கி. இணைக்கிற வேலை தனி.

"ஒரு பெட்ஷீட் வாங்கிக்கிறேம்மா, விடு" என்றாள் பெண். அந்த 'விடு'தான் என்னமோ செய்தது.

இந்த நேரத்தில் மாமியார் ஒரு குண்டைப் போட்டார். காலை பக்தி நிகழ்ச்சியில் அந்தர்வேதி லட்சுமி நரசிம்மரைப் பார்த்தாராம். இடுப்பு சரியானால் அங்கே வருவதாக 2017-லேயே வேண்டிக்கொண்டாராம். "என்னால ரயில்ல ஏற முடியாது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடுங்க." நாத்தனார் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள, இவருக்கு எல்.டி.சி. லீவு கிடைக்க, மார்ச்சில் கிளம்பினோம். நான் என் பையையும் எடுத்துக்கொண்டேன். போக வர ரயிலில் பத்துச் சதுரமாவது தேறாதா?

அந்தர்வேதிக்குப் போக நரசாபுரத்தில் இறங்கவேண்டும். ஆந்திராவில், மேற்கு கோதாவரி ஜில்லாவில், கோதாவரியின் வசிஷ்டா கிளையின் கரையில் இருக்கிற ஊர். விஜயவாடாவில் பாசஞ்சர் வண்டியில் மாறி ஏறினோம். குடிவாடா, கைகலூர், ஆகிவீடு என்று ஸ்டேஷன்கள் வர வர, ஜன்னலுக்கு வெளியே நிலம் குறைந்து தண்ணீர் கூடிக்கொண்டே போனது. மீன் குட்டை, இறால் குட்டை, வாய்க்கால், தென்னை. 1852-ல் தவளேஸ்வரத்தில் ஆர்தர் காட்டன் கட்டிய அணையின் புண்ணியம் என்று எதிர் சீட்டுக்காரரிடம் இவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஆந்திராக்காரருக்கே காட்டன் துரையைப் பற்றிப் பாடம்! அவரும் பொறுமையாகக் கேட்டார்.

நான் ஊசியை எடுத்தேன். பக்கத்தில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. அதுவரை தூங்கி வழிந்தவர் சட்டென்று விழித்து என் கையையே பார்த்தார். பரீட்சை ஹாலில் பின்னால் வந்து நிற்கும் வாத்தியார் மாதிரி ஒரு பார்வை. எனக்குக் கண்ணி தப்பியது.

"ஏம்மா, நூலை ஏன் இப்படிக் கழுத்தை நெரிக்கிறே?" என்றார். தமிழ்! மகன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பதால் வந்து போய்ப் பழகிய தமிழாம்.

பையை வாங்கி மடியில் கொட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இது தளதளன்னு நிம்மதியா போட்டது. இது அவசரத்துல. இது..." ஆஸ்பத்திரிச் சதுரங்களில் ஒன்றை இழுத்துப் பார்த்தார். கால் அங்குலம் சிறியது, அட்டை மாதிரி விறைப்பு. "இது யார் மேல கோவம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எட்டு வயதிலிருந்து குரோஷா போடுகிறாராம். நரசாபுரத்தைச் சுற்றி ஊருக்கு ஊர் லேஸ்தான். "நாளைக்கு சாமியைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்கு வாங்க" என்று வழி சொல்லிவிட்டு, பாலகொல்லுவில் இறங்கிப் போனார். மடியில் தொண்ணூற்றேழு சதுரங்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, மதிப்பெண் வாங்கிய பிள்ளை போல உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஃபெயில் மார்க்!

நரசாபுரம் பெரிய ஊர் இல்லை. ஆனால் துணியில் பேர் வாங்கிய பிரதேசம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இதை ஒட்டிய மாதவபாளையத்திலிருந்து போன மெல்லிய பருத்தித் துணிக்கு, வெள்ளைக்காரன் 'மடபொலம்' என்றே பெயர் வைத்துவிட்டான். லேஸ் வந்தது அதற்கப்புறம். 1844-ல் கிறிஸ்தவ மிஷனரிகள் இந்தப் பகுதிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 1899 பஞ்சத்தையும் 1929 உலக மந்தத்தையும் தாண்டி நின்ற தொழில் இப்போது மெஷின் லேஸோடு, முக்கியமாக சீன லேஸோடு, மல்லுக்கட்டுகிறது. 2024-ல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் ஒரு லேஸ் கடைக்குள் நுழைந்தோம். மேஜை விரிப்பு, தலையணை உறை, குழந்தைக் கவுன். கடைசியாக ஒரு படுக்கை விரிப்பை உதறிப் போட்டார் கடைக்காரர். அம்மாடி! நான் பதினோரு வருஷமாகக் கனவு கண்டது, இன்னும் பத்து மடங்கு நேர்த்தியாக. விலை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை.

இவர் காதோரம் குனிந்தார். "வாங்கிடு. நீ போட்டதுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"உங்களுக்குத் தெரியுமே!"

"நான் வாயைத் திறக்கமாட்டேன்."

நிஜமாகவே பர்ஸைத் திறந்துவிட்டேன். ஆனால் அத்தை நினைவுக்கு வந்தார். ரசத்தில் பெருங்காயப் பிராண்ட் மாறினாலே கண்டுபிடிக்கிறவர். பர்ஸை மூடினேன்.

மறுநாள் காலை 'பண்ட்டு' ஏறி சகினேடிபள்ளிக்கு. மனிதர்கள், மோட்டார் பைக்குகள், ஒரு கன்றுக்குட்டி எல்லோரும் சமமாக நின்றபடி ஆற்றைக் கடந்தோம். அங்கிருந்து ஆட்டோ. அந்தர்வேதியில் தரிசனம் நிம்மதியாக ஆனது, மாமியார் பேருக்கு அர்ச்சனையும் ஆனது. கோதாவரி கடலில் சேரும் இடத்தில் பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. இவர் போட்டோ எடுத்துத் தள்ளினார். எனக்கு மனசெல்லாம் மத்தியானத்தில் இருந்தது.

அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் ஐந்து பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "கூர்ச்சோண்டி" என்று ஒருத்தி பாயைத் தட்டிப் போட்டாள். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. ஒருத்தியும் ஊசியைக் குனிந்து பார்க்கவில்லை. உள்ளே குக்கர் கத்தினால் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து போகிறாள், வந்து விட்ட கண்ணியிலேயே தொடங்குகிறாள். "மூணு விசிலுக்கு ஒரு பூ" என்று அந்த அம்மா கணக்கு சொன்னார். நான் ஐம்பது நிமிஷம் என்றதும் திண்ணையே சிரித்தது.

அங்கே யாரும் முழு விரிப்பு போடுவதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவள் பூ, அவள் இலை, இன்னொருத்தி ஓரம். இணைப்பதற்கென்று வேறு பெண்கள். ஏஜெண்ட் நூலைக் கொண்டுவந்து கொடுத்து, பின்னியதை வாங்கிப் போவார். அப்புறம் வெளுத்து, இஸ்திரி போட்டுக் கப்பல் ஏறும். எந்தக் கட்டிலில் போய் விழுகிறது என்று பின்னியவளுக்குத் தெரியாது. நாள் முழுக்கப் போட்டால் என்ன வரும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் தெருமுனை ஓட்டலில் இரண்டு பேர் தோசையும் காபியும் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். தினம் ஆறு, எட்டு மணி நேரம் உழைத்தாலும், 'வீட்டில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் போடுவது' என்று பேர் வைத்துவிட்டதால் கூலி ஏறவே இல்லை என்பது அவர் வாதம். ஓய்வு நேரமாம்! ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சோறு வடிக்கிறவளுக்கு எது ஓய்வு, எது நேரம்? எனக்குக்கூட அந்தத் திண்ணையைப் பார்க்கும்வரை குரோஷா என்றால் டி.வி. மேல் போடும் துணிதான்.

உள்ளே தண்ணீர் குடிக்கப் போனபோது சுற்றிலும் பார்த்தேன். கட்டிலில் பூப்போட்ட மில் போர்வை. டி.வி. மேல் ஒன்றுமில்லை. அலமாரியில் பேப்பர்.

"உங்க வீட்டுல லேஸ் ஒண்ணுகூட இல்லையா?" என்றேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று கேட்டபின் தோன்றியது.

"நூல் ஏஜெண்டோடது. எடை போட்டுத்தானே கொடுக்கறாங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தார். ஒரு பை வந்தது. சத்தியமாக அதுவும் ஜவுளிக்கடைப் பைதான்!

உள்ளே முழம் நீளத்தில் ஒரு தொட்டில் விரிப்பு. பாதி. சொந்தக் காசில் கண்டு கண்டாக நூல் வாங்கி, பேத்தி பிறக்கப் போகிறாள் என்று ஆரம்பித்தாராம். "பேத்தி இப்போ எட்டாங்கிளாஸ்" என்றார். "காசு வேலைக்குத் தேதி இருக்கு. ஏஜெண்ட் வந்து நிப்பான். இதுக்கு யார் வந்து நிக்கப்போறாங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் பின்னிய கை. ஒரு கண்ணி மேலே கீழே இல்லை.

பிறகு அவர் என் பைக்கு வந்தார். "இன்னும் எவ்வளவு போடணும்?"

"ஐம்பத்து மூணு."

"யாரு சொன்னது?"

யார் சொன்னது? 2014-ல் நானேதான் சொன்னேன். டபுள் காட்டை மனசில் வைத்து.

"ஹாஸ்டல்ல ஒத்தைக் கட்டில்தானே? எட்டு பன்னெண்டு தொண்ணூத்தாறு. நாலடி அகலம், ஆறடி நீளம். உன் விரிப்பு எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. சேர்க்கலை, அவ்வளவுதான்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. வாசலில் இருந்த இவர் விரல் விட்டு எட்டாம் வாய்ப்பாட்டைச் சரிபார்த்துவிட்டு, "கரெக்ட்" என்றார், ஏதோ தான் கண்டுபிடித்தது போல.

இணைக்கும் விதத்தை அந்த அம்மாவே காட்டிக் கொடுத்தார். கோபச் சதுரங்களை ஈரத்துணியில் சுற்றி, இழுத்து, குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். விறைப்பானதைத் தளர்ந்ததற்குப் பக்கத்தில் வைக்கவேண்டும், ஒன்றை ஒன்று சமாளித்துக்கொள்ளும். பழுப்புக் கறைகள் கால்மாட்டு வரிசைக்கு. கிளம்பும்போது இவர் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.

"நான் ஒண்ணும் பின்னலையே, கூலி எதுக்கு?" வாங்கவே இல்லை. "அந்த மிஞ்சின ஒண்ணைக் கொடுத்துட்டுப் போ. எங்க வீட்டுலயும் லேஸ் இருக்கட்டும்."

இருப்பதிலேயே நல்லதைத் தேடினேன். அவர் வெள்ளக்கறை படிந்த ஒன்றை உருவிக்கொண்டார். அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கி அதன் மேல் வைத்தார். "நல்ல தடிமன்! சூடு தாங்கும்."

ஊர் திரும்பும் ரயிலில் கூடூர் வருவதற்குள் இரண்டு வரிசை இணைத்துவிட்டேன். நூல்கண்டு உருண்டு ஓடாமல் இவர் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். டீ வந்தபோது கையை எடுக்க முடியாமல் அவர் பட்ட அவஸ்தையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இப்போது எட்டு வரிசை ஆகிவிட்டது. பை கட்டிலுக்கு மேலே வந்தாகிவிட்டது. நரசாபுரத்து அம்மாவுக்கு அம்பத்தூர் மகன் மூலம் இரண்டு கண்டு மெல்லிய வெள்ளை நூல் கொடுத்தனுப்பி, 'தொட்டில் விரிப்பு வாங்க ஆகஸ்டில் வந்து நிற்பேன்' என்று தகவலும் சொல்லியிருக்கிறேன்.

பாக்கி நாலு வரிசை. நாள் இருக்கிறது. இன்றைக்கு ஒன்றை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் வாசலில் மணி. கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்திருக்கிறேன்.