மருந்து போன பிறகு

தாயில்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளுக்குள் கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பட்டும் என்பதற்குத்தான் அந்த இடைவெளி. நான் பார்க்க விரும்பியது கடைக்குப் போகும் சரக்கை அல்ல, கழித்துப் போட்டதை.

பேனா கடையும் நண்பர் ஒருவர், ரெசினுக்குள் பழைய கைக்கடிகாரச் சக்கரங்களைப் பதித்து, இறுகியதும் லேத்தில் கடைவார். வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்தால் கட்டைதான் வீண். அறுத்து, சுரண்டி, சக்கரத்தை மீட்டு அடுத்த வார்ப்பில் போட்டுவிடுவார். பட்டாசில் கழிந்ததை அப்படி மீட்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

காகிதக் குழாய் உருட்டும் இடத்தில் மீட்க முடிகிறது. ஐம்பது வயதை நெருங்கும் அக்கா ஒருவர், உருட்டிக் காய்ந்த குழாய்களை உள்ளங்கையில் கொட்டி விரலால் தள்ளியபடியே கழிக்கிறார். வாய் பிளந்தது ஒரு பக்கம், பசை விட்டது இன்னொரு பக்கம். பசை விட்டதைக் கம்பியில் மாட்டி, மறுபடி பசை தடவி ஒரு உருட்டு, சரியாகிவிடுகிறது. பிளந்த குழாய் ஒன்றை எனக்காகப் பிரித்துக் காட்டினார். உள்சுற்றில் நாள்காட்டித் தாளின் ராகு காலம் பாதி தெரிந்தது.

“இது பழைய காகிதக் கட்டுக்குப் போயிரும். மருந்து போற வரைக்கும் இது காகிதம் தம்பி. போயிட்டா நம்ம சொல்பேச்சு கேக்காது” என்றார்.

மருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. குழாயைப் பிரித்துச் சுரண்டினால் உராய்வு. ஒரு பொறி போதும். தண்ணீரில் போட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஈரம் பட்ட அலுமினியப் பொடி வெடியுப்போடு சேர்ந்து மெல்லச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியிருக்காது, தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். மழைக்காலத்தில் மருந்தறைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது இதனால்தான். கந்தகத்தோடு பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்க்கவே கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு தடை போட்டது. அந்தக் கலவை இன்னும் சீக்கிரம் சீறும்.

ஆக, திரி கழன்ற வெடியையும் ஈரம் ஏறிய புஸ்வாணத்தையும் பிரிக்கக் கூடாது. அன்றன்றைக்குச் சேர்ந்த கழிவை, அறைகளிலிருந்து விலகிய இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக எரித்து அழிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்து விபத்துச் செய்திகளில் ‘கழிவுப் பட்டாசை அழிக்கும்போது’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. வேலை முடியும் நேரம், அலுத்த உடம்பு, ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிடும் அவசரம்.

பிரித்துப் பார்க்கும் ஆசை எங்கிருந்து வருகிறது? இங்கே பலருக்கும் எண்ணிக்கைக் கூலி. செய்ததற்குத்தான் காசு. கழித்த உருப்படி கூலிக் கணக்கிலும் கழியுமென்றால், கழன்ற திரியை மறுபடி செருகத்தான் கை போகும். அலுமினியப் பொடியின் விலை தெரிந்த முதலாளிக்கும் அதே சபலம் வரலாம். உரிமம் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உருட்டுகிற இடத்திலோ, தடுத்துச் சொல்ல ஒரு போர்மேன்கூடக் கிடையாது.

என் நண்பர் ஒரு வார்ப்பைக் கெடுத்தால் அந்த நஷ்டத்தை மறுநாள் கடைசலில் ஈடுகட்டிவிடலாம். இங்கே அதை ஈடுகட்டப் பார்ப்பதுதான் ஆபத்து. கழிவுக்கும் கூலி உண்டு, அதை ஒப்படைப்பவரிடம் பிடித்தம் இல்லை என்று ஒவ்வொரு ஆலையும் கணக்கை மாற்றி எழுதினால் ஒரு நாளைக்குச் சில ரூபாய் கூடச் செலவாகும். மணல் வாளிக்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் செலவழிப்பவர்கள் இதையும் பாதுகாப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.