ஒற்றைக்காலில் நின்ற இளைஞன்

இளைஞன் ஒருவனிடம் உள்ள குறையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமான காரியம் அல்ல. அதை அவனிடமிருந்து அகற்றுவதுதான் கடினம். பத்திரிகைத் துறையில் கழிந்த நீண்ட காலம் எனக்குக் கற்றுத்தந்த இந்த உண்மையை, எமக்கு அதிகம் பரிச்சயமில்லாத பேஸ்போல் விளையாட்டின் வரலாற்றில் மிகத் தெளிவாகக் கண்டேன். ஜப்பானிய வீரர் சதஹாரு ஓவின் பழைய ஒளிப்பதிவுகளை அண்மையில் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த சிந்தனைகளையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

எமது நாட்டு எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பேஸ்போலைப் புரிந்துகொள்வது சிரமமல்ல. தரையில் படாமல் நேராக வரும் பந்தை உருண்டையான தடியால் அடிக்கவேண்டும். ஆனால், பந்து வரும் வேகமே இங்கு பெரும் பிரச்சினை. எறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவரின் இலக்குத் தட்டுக்கும் இடையிலான தூரம் 18.44 மீற்றர். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் பந்து ஏறத்தாழ 0.4 செக்கனில் வந்து சேர்ந்துவிடும். தடியைச் சுழற்றுவதற்கே 0.15 செக்கன் வரையில் தேவைப்படுகிறது. அடிப்பதா, விடுவதா என்று தீர்மானிப்பதற்கு எஞ்சியிருப்பது கால் செக்கன் மாத்திரமே.

அந்தச் சுழற்சிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உடலின் பாரம் முதலில் பின்காலில் தங்கும். முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு திரும்பும். இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து கைகள், இறுதியாகத் தடி. காலில் பிறந்த விசை ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறித் தடியின் நுனியை வந்தடைகிறது. இந்த வரிசையில் ஏதேனும் ஓர் உறுப்பு முந்தினாலோ பிந்தினாலோ எவ்வளவு பலசாலியின் அடியும் வலுவிழந்துவிடும்.

1940 ஆம் ஆண்டில் சீனத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் சதஹாரு ஓ. 1957 ஆம் ஆண்டு வசந்தகால கோஷியன் பாடசாலைச் சுற்றுப்போட்டியில் பந்து எறிபவராகத் தனது அணிக்கு வெற்றி தேடித்தந்தவர். அதே ஆண்டில் தேசிய விளையாட்டு விழாவில் பங்குபற்றுவதற்கு, ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்ற காரணத்தால், அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1959 இல் யொமியூரி பத்திரிகை நிறுவனத்துக்குச் சொந்தமான ஜயன்ற்ஸ் அணியில் சேர்ந்தார். கணக்கில் சேர்க்கப்பட்ட முதல் 26 வாய்ப்புகளில் அவருக்கு ஒரு வெற்றிகரமான அடிகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் 72 தடவைகள் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்தார். ஓ என்ற அவரது குடும்பப்பெயருக்கு அரசன் என்று பொருள். அதை வைத்தே இரசிகர்கள் அவரை 'ஆட்டமிழப்பின் அரசன்' என்று ஏளனம் செய்தார்கள்.

1962 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஹிரோஷி அரக்கவா என்பவர் அவருக்குத் துடுப்பாட்டப் பயிற்றுநராக வந்தார். இருவருக்கும் பழைய அறிமுகம் உண்டு. ஓ சிறுவனாக இருந்த காலத்தில், இடக்கைப் பழக்கமுள்ள அவர் வலக்கைக்காரரைப் போல நின்று அடிப்பதைக் கண்டு, மறுபக்கம் நின்று அடிக்கும்படி கூறியவரும் இதே அரக்கவாதான்.

ஓவின் சுழற்சியில் இருந்த குறை சிறியது, ஆனால் கொடியது. பந்து எறியப்படும் தருணத்தில் தடியைப் பிடித்திருக்கும் அவரது கைகள் ஒரு தடவை தேவையின்றி அசைந்து, மீண்டும் பழைய இடத்துக்கு வந்த பின்னரே முன்னோக்கிப் புறப்பட்டன. கால் செக்கனுக்குள் தீர்மானிக்கவேண்டிய ஒருவருக்கு இந்த வீண் அசைவு எவ்வளவு பெரிய நட்டம்! 'கையை அசைக்காதே' என்று சொல்லிவிடலாம். ஆனால், கையைப் பற்றி நினைப்பவனுக்குப் பந்தைப் பார்க்க நேரம் ஏது?

அரக்கவா கையைத் தொடவில்லை. காலைத் தூக்கச் சொன்னார். பந்து வருவதற்கு முன்னரே முன்காலான வலது காலை உயர்த்தி, இடது காலில் மட்டும் நிற்கவேண்டும். ஒற்றைக்காலில் நிற்பவனால் கைகளை வீணாக அசைக்க முடியாது, அசைத்தால் தடுமாறிவிடுவான். பாரம் முழுவதும் தானாகவே பின்காலில் தங்கும். உயர்ந்த கால் தரையில் ஊன்றும்போது இடுப்பு, தோள், கை என்ற வரிசை குழப்பமின்றித் தொடரும். குறையைச் சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாக, அந்தக் குறை நிகழ இடமே இல்லாத ஒரு நிலையில் இளைஞனை நிறுத்திவிட்டார் அந்தப் பயிற்றுநர்.

1962 ஜூலை 1 ஆம் திகதி கவசாக்கி மைதானத்தில், தாயோ வேல்ஸ் அணிக்கு எதிரான போட்டியில் ஓ அவ்வாறு நின்று ஆடி ஹோம் ரன் ஒன்றை அடித்தார். முந்திய ஆண்டில் 13 ஹோம் ரன்களையே பெற்றவர், அந்தப் பருவத்தை 38 உடன் நிறைவு செய்தார்.

இது ஏதோ மந்திர வித்தை என்று எண்ணிவிடக்கூடாது. எறிபவர் வேகத்தைக் குறைத்து ஏமாற்ற முயன்றால் ஒற்றைக்காலில் நிற்பவன் நிலைகுலைந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே சமநிலைக்காக ஐகிடோ என்ற தற்காப்புக் கலையின் தத்துவங்களை இருவரும் நாடினார்கள். கூரையிலிருந்து தொங்கும் காகிதத் துண்டை ஜப்பானிய வாளால் வெட்டுவதும் பயிற்சியில் அடங்கியது. வெறும் பலத்தால் வீசினால் காகிதம் விலகிப்போகும். வாள் சரியான கோணத்தில், தடங்கலின்றிச் சென்றால் மாத்திரமே அது துண்டாகும். இரவு இரவாகத் தொடர்ந்த இந்தப் பயிற்சியில்தான் அந்த நிலை அவரது இயல்பாகியது. 1980 இல் ஓய்வுபெற்றபோது அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் 868. அமெரிக்காவில் பெரி பொண்ட்ஸ் பெற்றவை 762.

எமது செய்தி அறையிலும் இத்தகைய ஒரு காட்சியைக் கண்டிருக்கிறேன். இளம் நிருபர் ஒருவர் எந்தச் செய்தியை எழுதினாலும் நீண்ட முன்னுரையுடனேயே தொடங்குவார். சிவப்பு மையால் எத்தனை தடவைகள் வெட்டினாலும் மறுநாளும் முன்னுரை வந்து நிற்கும். செய்தி ஆசிரியர் ஒருநாள், "தம்பி, இனி நீர் எழுதிக்கொண்டு வரவேண்டாம். சம்பவ இடத்திலிருந்து தொலைபேசியில் மூன்று நிமிடத்தில் எனக்குச் சொல்லும்" என்றார். மூன்று நிமிடத்துக்குள் முன்னுரைக்கு இடமேது? இரண்டு மாதங்களில் அந்த நிருபரின் எழுத்தே மாறிவிட்டது.

குறைகளைப் பட்டியலிட்டுக் கூறுவதே கற்பித்தல் என்று நம்புகிற பெரியவர்கள் எம்மத்தியில் நிறையப் பேர். அவர்கள் சொல்கின்ற குறைகள் பெரும்பாலும் உண்மையானவை. ஆனால், அவற்றைக் கேட்டுக் கேட்டு அந்த இளைஞர்கள் தமது கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்து அவர்களைக் கடந்து போய்விடுகிறது. 22 வயதில் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த ஓவும் அவ்வாறே மறக்கப்பட்டிருக்கக்கூடும். அவர் கைகளைப் பார்த்து நிற்காமல் பந்தைப் பார்ப்பதற்கு வழிசெய்தவர் அரக்கவா. கற்பிப்பவரின் கடமை அதுவே என்பது எனது அபிப்பிராயம்.