செவ்வாய்க்கிழமைக் கல்யாணம்

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கல்யாணத்துக்கு முதலில் நாள் குறிப்பது மழை, ஜோசியர் அப்புறம்தான். புரட்டாசி, ஐப்பசியில் கரிசலில் விதைத்தால் தை, மாசியில் உளுந்தும் பாசியும் வீடு வந்து சேரும். பருத்தி எடுக்கப் பங்குனியாகிவிடும். கையில் நாலு காசு புரண்டால்தான் பந்தக்கால். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, செவ்வாய்க்கிழமை என்றால் பேச்சே கிடையாது. இதையே கேட்டு வளர்ந்தவள், கொச்சிக்குப் போன இடத்தில் யூதர்களின் கல்யாணக் கணக்கைக் கேட்டு அசந்துபோனேன்.

திருநெல்வேலியில் இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகிலும் போகலாம். மிளகும் சுக்கும் மணக்கும் யூதர் தெருவின் கோடியில் பரதேசி ஜெப ஆலயம், 1568-ல் கட்டியது. தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பூட்டியிருக்கும். அது அவர்களுடைய ஓய்வு நாள்.

வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை கல்யாணமும் கிடையாது. பண்டிகை நாளிலும் கிடையாது; ஒரு சந்தோஷத்தோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாதாம். பாஸ்கா பண்டிகையிலிருந்து எண்ணுகிற நாட்களில் முப்பத்து மூன்றாம் நாள் வரை பலர் கல்யாணம் வைப்பதில்லை. எருசலேம் கோயில் இடிந்த துக்கத்துக்காக இன்னொரு மூன்று வாரம் விலக்கு. அது பெரும்பாலும் நம் ஆனி, ஆடியில் வரும். அவர்களுக்கும் ஆடி ஆகாது பாருங்கள்! ஆனால் செவ்வாய் ரொம்ப விசேஷம். வேதத்தில் உலகம் படைத்த கதையில் மூன்றாம் நாளுக்கு ‘நல்லது’ என்று இரண்டு தடவை வருகிறதாம். எங்க ஆச்சி கேட்டிருந்தா காதைப் பொத்தியிருப்பாக.

கொச்சி யூதப் பெண்களுக்குத் தாலியும் உண்டு. மலையாளத்தில் கல்யாணப் பாட்டும் உண்டு. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். கல்யாண ஆசீர்வாதம் சொல்லப் பத்து ஆண்களாவது வேண்டும். அதற்கே இங்கே ஆள் இல்லை. 2022 மே 22, ஞாயிற்றுக்கிழமை, பல வருஷம் கழித்துக் கொச்சியில் ஒரு யூதக் கல்யாணம் நடந்தது. மதகுரு வெளிநாட்டிலிருந்து வந்தார். அந்த வருஷம் முப்பத்து மூன்றாம் நாள் மே 19. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

என் மனசில் தைத்தது வேறொன்று. கல்யாணத்துக்கு முன் மணப்பெண் சடங்கு நீராட வேண்டும். மாதவிலக்கு நின்று, ஏழு நாள் எண்ணிய பிறகுதான் அந்த நீராட்டு. அதனால் தேதி குறிக்கும்போதே பெண்ணிடம் அவள் கணக்கைக் கேட்டுவிடுகிறார்கள். தீட்டு என்கிற பேச்சில் எனக்குச் சம்மதமில்லை, அவர்களிடமானாலும் சரி, நம்மிடமானாலும் சரி. ஆனால் முன்கூட்டிக் கேட்கிறார்களே, அது பிடித்திருந்தது.

நம் வீட்டில்? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, ஊர் முழுக்கச் சொன்ன பிறகுதான், “ஏட்டி, தேதி இடிக்குமா?” என்று அம்மா அடுப்படியில் கிசுகிசுப்பாள். இடித்தால் மாத்திரை. என் அக்கா மகளுக்கு யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். மணவறையில் தலை சுற்றலும் குமட்டலுமாகப் பிள்ளை வாடிப்போனது. தள்ளிப்போடும் மாத்திரையை வழக்கமாக விலக்குத் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள். ரத்தம் உறையும் கோளாறோ ஈரல் நோயோ இருந்தால் அதைச் சாப்பிடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கிற சமாச்சாரமே இல்லை.

எங்கள் வீட்டில் சின்னவளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். ஜோசியரிடம் போகுமுன் காலண்டரை அவள் கையில் கொடுத்து, தோதுப்படாத நாட்களைச் சுழித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா புரியாமல் பார்த்தார். “நீங்க பருத்தி விலையைப் பாருங்க” என்றேன்.