பாத்ரூம் கதவுக்குக் கீழே முக்கால் அங்குலம்

கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் எங்கள் வீட்டு பாத்ரூம். மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா நடந்தத நடந்த மாதிரி எழுதணும்" என்றா. அதனால் என் பக்கத்துப் பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊர் அக்கரைப்பற்று என்றாலும் வேலை காரணமாக தெஹிவளையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு நல்ல வீடு. வெளிச்சம் இருக்கிறது, பள்ளிவாசல் கிட்ட. பாத்ரூம் மட்டும் வீட்டின் நடுவில் இருக்கிறது. அதற்கு வெளிச்சுவரே கிடையாது. எல்லா மாடிகளின் பைப்புகளும் இறங்குகிற ஒரு ஒடுங்கிய குழி இருக்கிறதே, அந்தப் பக்கமாக ஒரு சின்ன லூவர் ஜன்னல். முன்னால் இருந்தவர்கள் கரப்பான் வருகிறது என்று அதைப் பொலித்தீனால் ஒட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு மேலே 4 அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று. லைட் போட்டால் அதுவும் ஓடும், அணைத்தால் அதுவும் நிற்கும்.

வந்து ஆறு மாதத்தில் சீலிங்கின் மூலையில் கறுப்புப் புள்ளிகள். பிறகு டைல்களின் இடுக்கெல்லாம் கறுப்பு. கதவுக்குப் பின்னால் தொங்கும் துவாய் எப்போதும் ஒரு புளித்த மணம். ஐந்து நேரமும் வுழூ எடுக்கிற வீடு, இரண்டு பிள்ளைகள், நிலம் காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

நான் என்ன செய்தேன்? மனைவியைக் குறை சொன்னேன். நேரடியாகச் சண்டை பிடிக்கவில்லை. அதை விட மோசம், "விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க", "ஊர்ல எங்கட வீடு இப்படியா இருந்திச்சி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது. அவ ஒவ்வொரு வெள்ளியும் ப்ளீச் போட்டுத் தேய்ப்பா. இரண்டு கிழமையில் கறுப்பு திரும்பி வரும். நானும் திரும்பச் சொல்வேன்.

இடையில் மேல்மாடிக்காரரின் பைப் ஒழுகுகிறது என்று நினைத்து அவரோடு சண்டைக்கும் போகப் பார்த்தேன். நல்ல வேளை, பெருநாள் லீவுக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தபோது சீலிங் நன்றாகக் காய்ந்து கிடந்தது. மேலே அவர்கள் வழமை போல குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒழுக்கு என்றால் நாங்கள் இல்லாத நாளிலும் ஈரம் இருந்திருக்கும். ஆக, ஈரம் எங்களுடையது. அது விளங்கியும் நான் மேலே யோசிக்கவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தேன். ப்ளீச் மட்டும் போட்டால் போகுதில்லை என்று அவ டொய்லட் கழுவுகிற அசிட்டையும் அதோடு சேர்த்து ஊற்றியிருக்கிறா. மணம் வெளியே வரக்கூடாது என்று கதவையும் மூடியிருக்கிறா. நான் வரும்போது பல்கனியில் நின்று இருமிக்கொண்டிருந்தா. கண் இரண்டும் சிவப்பு, கதைக்க முடியவில்லை. மகன் பக்கத்தில் நின்று அழுகிறான். ப்ளீச்சும் அசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுக்கிற விஷயம் அது. என் வீட்டில் சொல்லவில்லை. டொக்டர் நெபுலைஸ் பண்ணி, இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போனது.

அவர் அனுப்பும்போது கேட்ட கேள்வி: "சின்னவருக்கும் முட்டு வாறது என்கிறீங்க, வீட்டில ஈரம், பூஞ்சணம் இருக்கா?" ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு சுவாசத் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. மகனுடைய முட்டுக்கு அதுதான் காரணம் என்று டொக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த கிழமை உம்மா கண் கிளினிக்குக்காக ஊரிலிருந்து வந்தா. பத்து நாள் நின்றா. உம்மாவுக்கு எங்கள் பாத்ரூமைப் பிடிக்கவே இல்லை. "உள்ளுக்க போனா மூச்சு முட்டுது மனே" என்பா. குளித்துவிட்டு வந்தால் கதவை விரியத் திறந்து போட்டுவிடுவா. நான் போய் மூடுவேன், ஹோலில் இருந்து பார்த்தால் நேரே டொய்லட் தெரியும், வெட்கம். உம்மா திரும்பத் திறப்பா. ஒரு நாள் ஸ்டேண்ட் ஃபேனை இழுத்துக்கொண்டு போய் பாத்ரூம் வாசலில் வைத்து ஓட விட்டா.

"என்ன உம்மா இது?"

"மழைக்குள்ள வெட்டின நெல்ல ஹோலுக்க கொட்டி ஃபேன போட்டுக் காய வைக்கிறல்லியா? இதும் ஒண்டுதான். காத்து வந்து போகணும்."

அரை மணித்தியாலத்தில் நிலம் காய்ந்து கிடந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை.

எனக்கு அந்த இடத்தில் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரி ஞாபகம் வந்தது. கற்பித்தல் பயிற்சியில் நான் செய்து காட்டி நல்ல புள்ளி வாங்கிய பாடம் ஆவியாதல். ஒரே மாதிரி நனைத்த இரண்டு கைக்குட்டை. ஒன்று ஜன்னலோரம் விரித்துப் போட்டது, மற்றது மூடிய போத்தலுக்குள். மணி அடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும், இரண்டாவது அப்படியே இருக்கும். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தப் போத்தலுக்குள்தான் நான் என் குடும்பத்தை வைத்திருக்கிறேன்.

அன்று இரவே கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பாத்ரூம் 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. கிட்டத்தட்ட 7 கன மீற்றர் காற்று. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஆகக் கூடியது 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியென்றால் முழு அறைக்கும் 210 கிராம். ஆனால் கொழும்புப் பக்கக் காற்று காய்ந்த காற்றா? சாரீரப்பதன் 80 வீதம் என்று வைத்தால் 168 கிராம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மிச்சம் இடம் 42 கிராமுக்கு. மூன்று மேசைக்கரண்டி தண்ணீர்! அதற்கு மேல் ஒரு துளியும் காயாது.

குசினித் தராசில் துவாயை நிறுத்துப் பார்த்தேன். காய்ந்தது 400 கிராம், ஒருவர் துடைத்த பிறகு 700. துவாய் ஒன்றிலேயே 300 கிராம் தண்ணீர். நிலம், சுவர் எல்லாம் சேர்த்து 500 கிராம் என்று பிடித்தேன். வெளியே இருந்து வரும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றும் 6 கிராமைத்தான் தூக்கிக்கொண்டு போகும். அப்போ 80க்கு மேல் கன மீற்றர் காற்று வந்து போக வேண்டும், அதாவது அறைக் காற்று முழுதாக 12 தடவை மாற வேண்டும். கதவு மூடி, ஜன்னல் ஒட்டி, லைட்டோடு ஃபேனும் நின்றுபோகிற அறையில் ஒரு தடவை கூட மாறாது. ப்ளீச் போத்தல் என்ன செய்யும்?

ஒன்று கவனிக்க வேண்டும். இணையத்தில் பார்க்கும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்குரியவை. சுடுதண்ணீர் ஆவி, சாரீரப்பதனை 60க்குக் கீழே வை என்றெல்லாம் சொல்வார்கள். நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம், ஆவி கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் ஈரம் இல்லை என்று நினைக்கிறோம். ஏசி இல்லாமல் இங்கே 60க்குக் கொண்டு வரவும் முடியாது. எங்களுக்குச் செய்யக் கூடியது நனைந்ததை சீக்கிரம் காய வைப்பதுதான். ஒரு நாள், இரண்டு நாள் தொடர்ந்து நனைந்து கிடக்கிற இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்த நாள் ஃபேனைக் கழற்றினேன். தூசியும் எண்ணெயும் சேர்ந்து பின்பக்கத்து மடல்கள் ஒட்டியே போயிருந்தன. ஃபேன் சத்தம் போட்டது, காற்றை அனுப்பவில்லை. கழுவிப் பூட்டி ஒரு டிசு பேப்பரை வாயில் பிடித்தேன். கதவு மூடியிருந்தபோது டிசு கீழே விழுந்தது. கதவை ஓர் அங்குலம் திறந்ததும் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே வர வழி இல்லாமல் காற்று வெளியே போகாது. உம்மா ஒரே வசனத்தில் சொன்னது இதைத்தான்.

கதவு பிவிசி. அகலம் 27 அங்குலம். அடியில் முக்கால் அங்குலம் வெட்டினால் 20 சதுர அங்குல வழி கிடைக்கும். 4 அங்குல ஃபேனின் வாய் பன்னிரண்டரை சதுர அங்குலம்தான், ஆகவே தாராளம். வீட்டுக்காரர் "கதவ வெட்டப் போறீங்களா?" என்று பயந்தார். டிசுவைப் பிடித்துக் காட்டினேன், சம்மதித்தார். தச்சு வேலை பாஸ் பத்து நிமிடத்தில் வெட்டி, ஓரத்தைப் பட்டி வைத்து மூடித் தந்தார். கதவு மூடியிருந்தாலும் காற்று வரும், எனக்கும் வெட்கம் இல்லை.

ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போட்டோம். 2022இல் கரண்ட் பில் ஏறியபோது "பாத்ரூம் லைட்ட உடனே அணைக்கணும்" என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான்தான். இந்த ஃபேன் 20 வாட். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 1.2 யுனிட். அந்த 1.2 யுனிட்டைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். துவாய்கள் பல்கனிக்குப் போய்விட்டன. கடைசியாகக் குளிக்கிறவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும், குழிக்குள் போகிற தண்ணீரை ஃபேன் தூக்கத் தேவையில்லையே. ஜன்னல் பொலித்தீனைக் கழற்றிவிட்டு நுளம்பு வலை அடிக்கப் பார்த்தேன். ஆனால் ஜன்னல் ஃபேனுக்கு நேர் கீழே. அது திறந்திருந்தால் குழிக்குள் இருக்கிற காற்றே உள்ளே வந்து வெளியே போகிறது, வீட்டுக் காற்று வருவதில்லை. கீழ்வீட்டுக் கருவாட்டு மணமும் இலவசம். அதனால் ஃபேன் ஓடும்போது லூவரை மூடுகிறோம். சீலிங்கின் கறுப்பை மூக்கு வாய் கட்டிக்கொண்டு நான்தான் ஈரத்துணியால் துடைத்துச் சுரண்டினேன், ஒரு கிழமை காயவிட்டு பெயிண்ட் அடித்தேன். காயாமல் மேலே பெயிண்ட் அடித்தவர்களுக்கு அது திரும்பி உரிந்துதான் விழும். முன்னால் இருந்தவர்களும் அதைத்தான் செய்திருந்தார்கள், சுரண்டும்போது மூன்று நிறம் வந்தது.

ஐந்து மாதமாகிறது. மூலையில் ஒரு புள்ளி இல்லை. ப்ளீச் போத்தல் வாங்கி மூன்று மாதம், இன்னும் பாதி இருக்கிறது. அசிட்டை வேறு அலுமாரியில் வைத்திருக்கிறோம். மகனுக்கு முட்டு இடையில் ஒரு தடவை வந்தது. அதை இதோடு முடிச்சுப் போட நான் தயாரில்லை.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்டேன். கணக்குப் போட்ட கொப்பியைக் காட்டி, துவாய், கன மீற்றர் எல்லாம் விளங்கப்படுத்தி, "ஒன்ட பிழை இல்ல" என்றேன். அவ கொப்பியைப் பார்க்கவே இல்லை. "இத நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தன், உள்ளுக்க காத்து இல்ல என்டு. நீங்க கணக்கு வந்த பொறகுதான் நம்புறீங்க" என்றா. யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறா. ஒரு தடவை இல்லை, பல தடவை.

உம்மாவுக்கு நேற்று கோல் எடுத்துக் கதவு வெட்டிய கதையைச் சொன்னேன். "முழுசா கழட்டி வெச்சிருந்தா இன்னும் நல்லம்" என்றா. சின்னவர் இப்போது ஒவ்வொரு நாளும் ஸ்டூலில் ஏறி ஃபேனுக்கு டிசு பிடித்துப் பார்க்கிறார். கிழமைக்கு ஒரு ரோல் முடிகிறது.