கறுப்பைத் தேடும் குஞ்சுகள்

டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர் ஒவ்வொருவரிடமும் விடை கிடைக்காத ஒரு கேள்வியாவது இருக்கும். என்னுடைய கேள்வி இது: பொரித்து நீந்தத் தொடங்கிய குஞ்சுகள், பக்கத்திலேயே நிற்கும் தாயையும் தகப்பனையும் விட்டுவிட்டு, தொட்டி மூலையில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரில் போய் ஏன் மொய்க்கின்றன?

வேறு மீன் என்றால் இது பெரிய விஷயமே இல்லை. டிஸ்கஸுக்கு இதுதான் உயிர்ப் பிரச்சினை. இந்த மீனின் குஞ்சு நீந்தத் தொடங்கியதும் தேடும் முதல் உணவு பெற்றோரின் உடம்பில் சுரக்கும் சளி. வளர்ப்பவர்கள் அதைப் பால் என்றே சொல்கிறார்கள். தாய் மட்டுமல்ல, தகப்பனும் சுரக்கும். குஞ்சுகள் ஒருவர் மேல் ஏறிக் கொறித்துக்கொண்டிருக்கும். அவர் களைத்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நகர்வார். கூட்டம் மொத்தமும் அடுத்தவர் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மீன் வளர்ப்பில் நான் கண்ட காட்சிகளில் இதற்கு இணையாக இன்னொன்று கிடையாது.

அந்தக் காட்சி வரை போய்ச் சேருவது எளிதல்ல. ஜோடி தானாகச் சேர வேண்டும். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சென்னையின் போர் தண்ணீரில் உள்ள கடினத்தன்மை முட்டைக்கு ஆகாது என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இளக்க வேண்டும். முட்டை வைக்க நிறுத்திய மண் கோனை (கூம்பை) சுத்தம் செய்து ஜோடி முட்டை வைத்தால், ஏறக்குறைய இரண்டரை நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னும் இரண்டு மூன்று நாள் கோனிலேயே ஒட்டிக்கொண்டு வாலைத் துடித்தபடி இருக்கும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு தீர்ந்ததும் நீந்தும். நீந்தத் தொடங்கிய சில மணி நேரத்தில் அவை பெற்றோரின் பக்கவாட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காத குஞ்சு பிழைப்பது அரிது.

என் ஜோடி இரண்டுமே சிவப்பு, மார்ல்போரோ ரெட் வகை. முட்டை நன்றாக வைத்தன, காவல் காத்தன, குஞ்சும் வந்தது. குஞ்சுகளோ ஃபில்டரிலும் ஹீட்டரின் கறுப்பு மூடியிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே மெலிந்து செத்தன.

சென்னையில் வண்ண மீன் பற்றிய சந்தேகத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் கொளத்தூர். ஆக்ஸிஜன் நிரப்பிய பாலிதீன் பைகள் வரிசையாகத் தொங்கும் கடைகளைத் தாண்டி, டிஸ்கஸ் மட்டுமே வளர்க்கும் ஒருவரைப் பார்த்தேன்.

“அண்ணே, குஞ்சு ஏன் தாய் மேல ஏறாம ஃபில்டர் மேல போய் ஏறுது?”

“ஜோடி ரெண்டும் சிவப்பா?”

“ஆமாண்ணே.”

“அப்ப அது பீஜன் பிளட் வழி தம்பி. அது கறுக்கவே கறுக்காது. குஞ்சுக்குக் கறுப்புதான் கண்ணுல படும். ஒரு பக்கம் டர்க்காய்ஸ் போட்டுப் பாரு, சரியாயிடும்.”

தொழிலுக்கு இந்தப் பதில் போதும். எனக்குப் போதவில்லை. கறுக்க வேண்டிய மீன் கறுக்காமல் போனது எப்போது, யார் கையால்? அப்படியென்றால் முதலில் இருந்த மீன் எப்படி இருந்தது? புத்தகங்கள், பழைய மீன் வளர்ப்பு இதழ்கள், ஆய்வுக் கட்டுரைகள் வழியே அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன்.

முதல் நிறுத்தம் பாங்காக். கிட்டி பனாயித்தி என்ற வளர்ப்பாளரின் தொட்டிகளில், டர்க்காய்ஸ் என்ற நீல வகையின் வழியில் வந்த குஞ்சுகளுக்கு நடுவே விசித்திரமான ஒரு நிறம் தோன்றியது. வெளிறிய மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடம்பு. பக்கவாட்டில் பட்டைகளே இல்லை. கருமை முழுவதும் மிளகுத்தூள் தூவியதுபோல் பொடிப் புள்ளிகளாகச் சிதறியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் பீஜன் பிளட் என்ற பெயரில் அது உலகச் சந்தைக்கு வந்தது. அது ஓங்கு பண்பு என்பதால் எந்த நிறத்தோடு சேர்த்தாலும் அடுத்த தலைமுறையிலேயே வெளிப்பட்டது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் பண்ணைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மிளகுப் புள்ளி குறைந்ததையும் சிவப்பு கூடியதையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்ததில் மார்ல்போரோ ரெட், செக்கர்போர்டு போன்றவை பிறந்தன. என் தொட்டியில் நீந்தும் சிவப்பு அமேசானில் எங்கேயும் கிடையாது. அதன் பிறப்பிடம் தென்கிழக்கு ஆசியக் கண்ணாடித் தொட்டி.

அங்கே தொலைந்தது எது என்று தெரிய, டிஸ்கஸின் பட்டைகளைப் பற்றித் தெரிய வேண்டும். இயல்பான மீனின் உடம்பில் கண்ணிலிருந்து வால் வரை ஒன்பது செங்குத்துப் பட்டைகள். தோலில் உள்ள கருமைச் செல்கள் நரம்பின் கட்டளைப்படி விரிந்து சுருங்குவதால் அவை கணத்தில் தோன்றி மறையும். மீன் பயந்தால் பட்டை அடர்ந்து எழும். அமைதியாக இருந்தால் மங்கிவிடும். குஞ்சு நீந்தும் நாட்களில் பெற்றோரின் உடம்பே இருண்டுபோகிறது. இருண்ட அந்த உடம்பைத்தான் குஞ்சுகள் தேடி வருகின்றன என்பதில் வளர்ப்பாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பீஜன் பிளட்டில் கருமை பொடிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பதால் அந்த உடம்பு இருளவே முடியாது. பெற்றோர் பால் சுரந்துகொண்டு நிற்கும்போதே, குஞ்சின் கண்ணுக்குத் தொட்டியில் இருண்ட உடம்பாகத் தெரிவது ஃபில்டர்தான்.

இன்னும் பின்னால் போனேன். தாய்லாந்துக்கு வந்த டர்க்காய்ஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஜாக் வாட்லியும் ஜெர்மனியில் மருத்துவர் எடுவார்ட் ஷ்மிட்-ஃபோக்கேயும் காட்டு மீன்களில் நீலக் கோடு அதிகம் உள்ளவற்றைத் தேர்ந்து தேர்ந்து இணைத்து உருவாக்கியது அது. வாட்லி அமேசானுக்கே போய் மீன் தேடியவர். முட்டையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, ஆழமில்லாத தட்டில் முட்டை மஞ்சள் கருவைக் குழைத்துப் பூசி, நாளுக்குப் பல முறை தண்ணீர் மாற்றிக் குஞ்சு வளர்க்கும் முறையைப் பரப்பியதும் அவரே. பெற்றோர் முட்டையைத் தின்றுவிடும் தொட்டியில் பல அருமையான வழிகளை அந்த முறை காப்பாற்றியது. நீலம் உடம்பை மூடிய அந்த டர்க்காய்ஸ் மீன்களுக்கும் அடியில் ஒன்பது பட்டைகள் பத்திரமாக இருந்தன. குஞ்சு வந்தால் அவை இருண்டன.

அதற்கும் முன்னால் எல்லாம் காட்டு மீன்தான். 1960இல் லெனார்டு ஷுல்ட்ஸ் பழுப்பு, நீலம் என்று இரண்டு துணை இனங்களுக்குப் பெயர் வைத்தார். 1904இல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் பெல்லெக்ரின், பிரேசிலின் தெஃபேயிலும் சாந்தாரெமிலும் பிடித்த மீன்களை, பட்டைகள் ஒரே அளவாக இருப்பதை வைத்துத் தனியாகப் பிரித்தார். இனம் இரண்டா மூன்றா என்ற வாதம் மரபணு ஆய்வுகள் வந்த பிறகும் நடக்கிறது. எனக்கு வேண்டிய முனை அதற்கும் அப்பால் இருந்தது.

அந்த முனை வியன்னா. 1817இல் ஆஸ்திரிய இளவரசி லியோபோல்தினா பிரேசிலின் தோம் பெத்ரோவுக்கு வாழ்க்கைப்பட்டபோது, ஒரு அறிவியல் குழுவும் கப்பல் ஏறியது. அதில் இருந்தவர் யோஹான் நாட்டெரர். மற்றவர்கள் திரும்பிய பிறகும் அவர் தங்கிவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் பிரேசிலின் ஆறுகளிலும் காடுகளிலும் அலைந்து பறவை, விலங்கு, மீன் என்று சேகரித்து வியன்னாவுக்கு அனுப்பினார். அப்படி ரியோ நீக்ரோவிலிருந்து வந்த ஒரு வட்டமான மீனை, 1840இல் யோஹான் யாகோப் ஹெக்கெல் அறிவியலுக்கு அறிமுகம் செய்து சிம்ஃபைசோடான் டிஸ்கஸ் என்று பெயரிட்டார். ஏஞ்சல் மீனின் பேரினத்துக்கும் அதே ஆண்டில் பெயர் வைத்தவர் அவர்தான்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். அருங்காட்சியகத்துக்காகச் சாராயத்தில் ஊறவைத்த மீனில் நீலமும் சிவப்பும் தங்காது, கருமை தங்கும். ஹெக்கெல் வகை மீனில் முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது பட்டைகள் மற்றவற்றைவிட அகலமாகவும் அடர்ந்தும் இருக்கும். பெல்லெக்ரின் தன் மீன்களைத் தனியாக அடையாளம் கண்டதும் கருமையை வைத்துத்தான். அறிவியலின் கண்ணும் குஞ்சின் கண்ணும் ஒன்றையே பார்த்திருக்கின்றன. நிறத்தைப் பார்த்தது சந்தையின் கண்.

ரியோ நீக்ரோவின் தண்ணீர் தேயிலை டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். இலையும் மரமும் ஊறி இறங்கிய சாயம் அது. அமிலத்தன்மை மிகுந்தது, உப்புகள் மிகக் குறைந்தது. மழைக்கும் கோடைக்கும் நடுவே ஆற்றின் மட்டம் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். வெள்ளக் காலத்தில் காடே தண்ணீருக்குள் நிற்கும். விழுந்து மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையே டிஸ்கஸ் கூட்டமாக ஒதுங்கும். கிளைகளில் படியும் பாசியையும் மட்கையும் சிறு பூச்சிகளையும் மேயும். கிளைகளின் நிழலுக்கு நடுவே ஒன்பது பட்டை போட்ட உடம்பு கண்ணுக்குச் சிக்காது. மரத்தோடு மரமாக மறைய உதவும் அதே கருமைதான் குஞ்சு வந்ததும் வழிகாட்டியாகிறது.

அந்த ஆற்றோரத்தில் உள்ள ஒரு ஊர் பார்செலோஸ். அங்குள்ள பல குடும்பங்களுக்கு வண்ண மீன் பிடிப்பதுதான் பிழைப்பு. அதிகம் பிடிபடுவது கார்டினல் டெட்ரா. டிஸ்கஸை இரவில் விளக்கு வெளிச்சத்தில் கை வலையால் பிடிக்கிறார்கள். ஊர்த் திருவிழாவில் இரண்டு அணிகள் ஆடிப்பாடிப் போட்டியிடும். ஒன்றின் பெயர் கார்டினல், மற்றொன்றின் பெயர் அக்கரா-டிஸ்கோ, அதாவது நம் டிஸ்கஸ். மீனை விற்று வாழ முடிகிறவரை அந்த மக்கள் காட்டை வெட்ட வேண்டியதில்லை என்பதை அங்கே பணியாற்றும் பாதுகாப்பு ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார்கள்.

பாலைப் பற்றியும் தேடினேன். 1959இல் ஹில்டெமான் என்ற ஆய்வாளர் இந்த மீனின் விநோதமான வளர்ப்பு முறையை அறிவியல் இதழில் எழுதினார். 1960களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள், பாலூட்டிகளில் பால் சுரப்போடு தொடர்புள்ள புரோலாக்டின் ஹார்மோனுக்கு இந்தச் சளிச் சுரப்பிலும் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். 2010இல் பிளிமத் பல்கலைக்கழகத்தினரும் பிரேசிலின் மனாவுஸ் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. முட்டை வைத்ததும் பெற்றோரின் சளியில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. மூன்றாம் வாரத்தை ஒட்டி அவை குறையத் தொடங்குகின்றன. அதே சமயத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு அடிக்கடி விலகி நீந்துகின்றன. பால் மறக்கடிக்கும் பருவம் மீனுக்கும் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவைக் குழைத்துப் பூசினால் குஞ்சின் வயிறு நிறையும். பெற்றோர் தரும் நோய் எதிர்ப்பு அதில் வராது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கொளத்தூர்க்காரரின் யோசனையைச் செய்து பார்த்தேன். சிவப்பு ஆணை எடுத்துவிட்டு, சிவப்புப் பெண்ணோடு ஒரு டர்க்காய்ஸ் ஆணைச் சேர்த்தேன். கறுப்பு ஸ்பாஞ்சை எடுத்து வெள்ளை வைத்தேன். ஹீட்டரை மறைத்தேன். குஞ்சுகள் தொலைவு போகாமல் இருக்கத் தண்ணீர் மட்டத்தைக் குறைத்தேன். இரவில் சிறு வெளிச்சம் விட்டேன். குஞ்சுகள் கோனை விட்டுக் கிளம்பிய அன்று அந்த ஆண் வாலிலிருந்து பாதி உடம்பு வரை கரிபோல் இருண்டு நின்றது. குஞ்சுகள் ஒன்றொன்றாக அதன் மேல் ஏறின. அது உதறியபோது பக்கத்தில் நின்ற சிவப்புத் தாயின் மேல் விழுந்தன; ஒருமுறை அவளிடம் பால் குடித்த பிறகு அவளையும் விடவில்லை. அவளிடம் எப்போதும் பால் இருந்தது. குஞ்சுகளுக்கு அதைக் காட்டிக்கொடுக்கத்தான் அவளுக்கு நிறம் இல்லை.

சிவப்பு வழியை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சிவப்பு பிடிக்கும். பீஜன் பிளட் ஓங்கு பண்பு என்பதால், ஒரு பக்கம் பட்டை உள்ள மீனைப் போட்டாலும் குஞ்சுகளில் அந்தச் சாயல் வரத்தான் செய்யும். மிளகுப் புள்ளி கூடும், தூய சிவப்பு குறையும், விலையும் குறையும். பதிலுக்கு, தன் பெற்றோரின் பாலைத் தானே தேடிக் குடித்து வளர்ந்த மீன் கிடைக்கும்.

டிஸ்கஸ் வளர்க்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஜோடி சேர்க்கும்போது ஒன்றாவது ஒன்பது பட்டையும் தெளிவாக உள்ள மீனாக இருக்கட்டும். முட்டையைத் தின்கிறது என்று முதல் தடவையே பிரித்துவிடாதீர்கள். இளம் ஜோடிக்கு மீண்டும் மீண்டும் வாய்ப்புக் கொடுங்கள். தொட்டியில் கறுப்புப் பொருள் எதுவும் வேண்டாம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் தட்டில் குஞ்சு வளருங்கள். குறைந்தது மூன்று வாரம் குஞ்சுகளைத் தாய் தகப்பனோடு விடுங்கள். நிறத்தை நாம் எத்தனை விதமாக வேண்டுமானாலும் பொறுக்கி எடுக்கலாம். குஞ்சுக்கு வழி காட்டும் கருமையை அழித்து எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.